பொட்டலம் தூக்கிய பெரியவரும் ரீல்ஸ் பார்க்கும் பேரனும்

செல்போன் வந்து பிள்ளைகள் பெரியவர்களை மதிப்பதில்லை என்கிற புலம்பல் இன்று எல்லா இடத்திலும் கேட்கிறது. எந்தப் பிள்ளைகள், எந்தப் பெரியவர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆதிக்க சாதி வீட்டில் தாத்தாவின் அதிகாரம் குறைகிறது என்றால் அதற்காக நாம் அழ வேண்டியதில்லை. அந்த அதிகாரம் யார் முதுகின்மேல் உட்கார்ந்திருந்தது என்பது நமக்குத் தெரியும். நம் தெருக்களில் நடப்பது வேறு. இங்கே பேரன் தாத்தாவை மீறுவதில்லை. தாத்தாவைப் பார்த்து வெட்கப்படுகிறான். 'நீங்கள்லாம் அப்படிக் கும்புட்டுக் கெடந்ததாலதான எங்களுக்கு இந்த நெலம' என்கிறான். அந்த வெட்கம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதில் வரும் ஒரு காட்சியைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் ஒரு பொட்டலத்தைக் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கிறாள். பொட்டலத்தில் அவர் கை படவில்லை. கொண்டுபோய் நாயக்கரிடம் பணிந்து கொடுக்கிறார். உள்ளே இருப்பது வடை. சிறுமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நாம் தொட்டால் தீட்டு என்கிறார்கள், அதனால்தான் அவர் அப்படித் தூக்கி வந்தார் என்று விளக்குகிறார். அதற்குப்பின் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம் வருகிறது. அந்த ஆத்திரம் தீண்டாமையின்மேல் திரும்புகிறது.

பார்த்ததற்கும் புரிந்துகொண்டதற்கும் நடுவில் அண்ணன் என்று ஒரு ஆள் இருந்தார் என்பதுதான் இங்கே முக்கியம். அதே காட்சியை இன்று எவனாவது செல்போனில் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பதினைந்து வினாடி ஓடும் ஒரு காமெடி ரீல்ஸ் ஆகியிருக்கும். பின்னால் ஒரு பாட்டு, கீழே ஆயிரம் சிரிப்புப் பொம்மை. காட்சி இருக்கும், சிரிப்பு இருக்கும், அண்ணன் இருக்க மாட்டார். சமூக ஊடகம் நம் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இடையில் செய்திருக்கிற வேலை இதுதான். காட்சியைக் கொடுத்துவிட்டு, விளக்குகிற ஆளை எடுத்துவிட்டது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 'மாமன்னன்' படத்துக்கு நேர்ந்ததே சாட்சி. 'தேவர் மகன்' (1992) படத்தின் இசக்கிதான் தன் மாமன்னன் என்று மாரி செல்வராஜ் சொல்லிவிட்டு எடுத்த படம். 2023 ஜூன் 29இல் வெளியானது. எம்.எல்.ஏ. ஆன பிறகும் ஆதிக்க சாதிக்காரன் முன்னால் உட்காராமல் நிற்கிற அப்பன், அந்த அப்பனோடு பல வருசம் பேசாமல் இருக்கிற மகன், கடைசியில் அப்பனை உட்காரச் சொல்கிற மகன் என்று, நாம் இங்கே பேசுகிற விசயத்தையேதான் படமும் பேசியது. ஜூலைக் கடைசியில் நெட்ஃப்ளிக்ஸில் வந்ததும் என்ன நடந்தது? பகத் பாசில் நடித்த ரத்தினவேலு வரும் காட்சிகளை மட்டும் வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டை ஒட்டி, பல சாதி இளவட்டங்களும் எங்க ஆளு, எங்க ஆளு என்று பரப்பினார்கள். நாயை அடித்துக் கொல்கிறவன் நாயகன் ஆனான். நின்றுகொண்டிருந்த அப்பன் அந்த வீடியோக்களில் வெறும் பின்னணி.

ஆகஸ்ட் 9ஆம் தேதி நாங்குநேரியில் கூடப் படித்த மாணவர்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அந்த வீடியோக்கள்தான் இதைச் செய்தன என்று நான் சொல்லவில்லை. அரிவாள் செல்போனுக்கு முந்தியது. ஆனால் கையில் கலர் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற ஒரு தலைமுறை, தன் தாத்தனை ரத்தினவேலாகவும் நம் தாத்தனை நிற்கிறவனாகவும் பார்த்துப் பழகுகிறது என்பதை மறைக்க முடியாது. நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றை அறுக்கலாம். கண்ணுக்குள் கட்டிய கயிற்றை எந்த அரசாணை அறுக்கும்?

படத்தின்மேலும் நமக்கு விமர்சனம் உண்டு. முப்பது நாற்பது வருசம் கட்சி வேலை பார்த்து, அவமானத்தை முழுங்கி, சட்டசபைவரை போன ஒரு மனிதனின் வாழ்க்கையை, நாற்காலியில் உட்கார்ந்தானா இல்லையா என்ற ஒரே கேள்விக்குள் படம் சுருக்கிவிடுகிறது. நாற்காலியை வெட்டி எடுப்பது சுலபம், உழைப்பை வெட்டி எடுக்க முடியாது. 'பரியேறும் பெருமாள்' (2018) இதில் மேலானது. அதில் மகன் அப்பனை மறைக்கிறான். கல்லூரிக்கு வாடகை அப்பனைக் கூட்டிவருகிறான். பெண் வேசம் கட்டி ஆடுகிற நிஜ அப்பனைத் துணி உருவி ஓடவிடும்போது, அந்த அவமானத்தைச் செய்தது யார் என்பதிலிருந்து பார்வையாளன் தப்பிக்க முடியாது. வெட்கப்பட வேண்டியவன் யார் என்று அந்தப் படம் திருப்பிக் கேட்கிறது.

நம் பக்கத்து ரீல்ஸ்களையும் பார்ப்போம். அவமானத்துக்கு மருந்தாக நம் பையன்கள் எடுத்துக்கொண்டது 'ஆண்ட பரம்பரை'. தாத்தா கூலிக்காரன் என்றால் கேவலம், அதனால் தாத்தாவின் தாத்தா ராசாவாக இருந்தாக வேண்டும். இம்மானுவேல் சேகரன் படத்தோடு வாளும் சிங்கமும் ஓடுகின்றன. ராணுவத்தில் இருந்து திரும்பி, தீண்டாமைக்கு எதிராக மக்களைத் திரட்டி, சமாதானக் கூட்டத்துக்குப் போய்ச் சமமாகப் பேசி, மறுநாள் 1957 செப்டம்பர் 11இல் பரமக்குடியில் கொல்லப்பட்டவர் அவர். அந்த அமைப்பு வேலை முப்பது வினாடியில் அடங்காது, சிங்கம் அடங்கும். பெண்களோ இதில் எங்குமே இல்லை. இலஞ்சி வயலில் இடுப்பொடிய நட்டவர்கள், களையெடுத்தவர்கள் நம் பாட்டிகள். எந்தப் பரம்பரை வீடியோவில் ஒரு பாட்டி வருகிறாள்?

ஏன் கும்பிட்டார்கள் என்பதற்கு எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் பதில் சாதாரணமானது. சிற்றாறு பாயும் இந்த வயல்களில் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. மரக்கால் அவன் கையில். 'எதுத்துப் பேசுனா மறுநா களத்துல கூப்பிட மாட்டான், கைப்பிள்ளைக்குக் கஞ்சி யாரு ஊத்துவா?' என்கிறார் ஒரு பெரியவர். அவர் கும்பிட்டுக்கொண்டே மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். சிலர் பறையடிக்க மாட்டோம் என்று நிறுத்தினார்கள், சிலர் ராவோடு ராவாக ஊரைவிட்டுப் போனார்கள். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரி 19இல் அந்த ஊர்த் தலித்துகளில் பெரும்பகுதியினர் இஸ்லாத்துக்குப் போனார்கள். தீண்டாமையும் போலீஸ் தொல்லையும் தாங்காமல் போனோம் என்று அவர்கள் சொன்னார்கள். வளைகுடாப் பணம் என்று அப்போது எழுதினார்கள். அந்தக் கதைதான் இன்றும் வாட்சப்பில் சுற்றுகிறது. அந்த ஊர்க் கிழவர்களிடம் போய்க் கேட்பதைவிட ஃபார்வேர்ட் மெசேஜைப் படிப்பது நமக்குச் சுலபமாக இருக்கிறது.

இதனால் பெரியவர்கள் எல்லாரும் போராளிகள் என்று நான் சொல்ல வரவில்லை. 'கருக்கு' பாட்டி, நமக்குப் படியளக்கிற மகராசர்கள் அவர்கள்தான் என்று நம்பியவள். அதையும் பாமா மறைக்கவில்லை. நம் பெரியவர்கள் சாதிக்குள் சாதி பார்த்தார்கள், மனைவியை அடித்தார்கள், அருந்ததியர் வீட்டில் தண்ணீர் குடிக்காதவர்களும் உண்டு. இதையெல்லாம் பேரன் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நேரில் கேட்க வேண்டும், பதில் சொல்ல அவருக்கு நேரம் கொடுத்துக் கேட்க வேண்டும்.

செல்போனைத் தூக்கிப் போடச் சொல்வது வெட்டிப் பேச்சு. 2022 செப்டம்பரில் நம் தென்காசி மாவட்டத்துப் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம் ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லித் திருப்பி அனுப்பியதைக் கடைக்காரர் தரப்பே வீடியோ எடுத்துப் பெருமையாகப் பரப்பியது. அதே வீடியோதான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்காகி, கைது நடந்து, கடைக்குச் சீல் வைக்க வழி செய்தது. வீடியோ மாறவில்லை. இது குற்றம் என்று பக்கத்தில் நின்று சொல்ல ஆட்கள் வந்தார்கள். அயோத்திதாசரை நமக்கு மீட்டுத் தந்ததும் அப்படியொரு வேலைதான்: ஞான. அலாய்சியஸ் தொகுத்து, 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த தொகுதிகள் வரும்வரை, நூறு வருசத்துக்கு முந்திய அந்தப் பெரியவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எனவே இதைப் படிக்கிற மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் கையில் இருப்பது ஒலிப்பதிவுக் கருவியும்கூட. உங்கள் தெருவில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் மிச்சமிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். பாட்டு சேர்க்காதீர்கள், வெட்டாதீர்கள். என்ன கூலி, யார் அளந்தது, எதற்குக் கும்பிட்டீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். பாட்டிகளிடம் முதலில் கேளுங்கள். கேட்டதை எழுதி இதுபோன்ற பத்திரிகைகளுக்கு அனுப்புங்கள். அடுத்து வரும் பிள்ளை எதையோ பார்த்துச் சிரிக்கும்போது, ஏன் சிரிக்கக் கூடாது என்று எடுத்துச் சொல்ல நம்மிடம் ஏதாவது கையில் இருக்க வேண்டும்.