கல்லா, கையா, ஷாப்டா?

புது மினி டிராக்டரின் மீட்டரில் 38 மணி நேரம்தான் ஏறியிருந்தது. முதல் சர்வீஸே 50 மணி நேரத்தில்தான். நல்லம்பள்ளிக்கு மேற்கே, தக்காளிச் செடி பிடுங்கிய நிலத்தில் ரொட்டவேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வரப்போரம் வண்டியைத் திருப்புவதற்காக அண்ணன் மகன் கருவியைத் தூக்கினான். டணார் என்று ஒரு சத்தம். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் பார்த்தால், இன்ஜின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து செம்மண்ணில் சொட்டுகிறது.

பக்கத்துக் காட்டுக்காரர்கள் வந்து சேர்வதற்குள் தீர்ப்பும் வந்துவிட்டது: "கல்லுல உட்டுட்டான்." சாயங்காலம் டீக்கடையில் நானும் அதையேதான் சொன்னேன். மறுவாரம் மெக்கானிக் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு சாக்கின்மேல் பரப்பியபோது, அருகில் உட்கார்ந்து பார்த்தேன். அதன்பிறகு அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை.

கல்லைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு. தொப்பூர்க் கணவாய்ப் பக்கத்து இந்தக் கரட்டு நிலத்தில் கல் தட்டாத சால் கிடையாது. பொறுக்கிப் பொறுக்கி வரப்பாகவே அடுக்கி வைத்திருக்கிறோம், மழைக்குப் பிறகு மறுபடி மேலே வருகிறது. ஆனால் கல் செய்யும் சேதத்துக்கு ஒரு திசை இருக்கிறது. சுழலும் கத்தி கல்லில் மாட்டினால் சுழற்சி தடைபடும். அந்தத் தடை முறுக்கு விசையாகக் கத்தியிலிருந்து கருவியின் கியர் பெட்டிக்கும், அங்கிருந்து வண்டியையும் கருவியையும் இணைக்கும் ஷாப்டின் கிராஸ் மூட்டுக்கும் ஏறும். பெரிய பாகங்கள் கெட்டுப்போகக் கூடாது என்றுதான் நடுவில் ஒரு பலியாட்டையும் வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் அது அறுபடும் போல்ட், சிலவற்றில் வழுக்கும் கிளட்ச். ஆகவே கல்தான் காரணம் என்றால் கத்தி மடங்கியிருக்க வேண்டும், அல்லது போல்ட் அறுந்திருக்க வேண்டும், அல்லது கிராஸில் ஆட்டம் கண்டிருக்க வேண்டும்.

சாக்கின்மேல் கிடந்தவை வேறு சொல்லின. ஒரு கத்தியில் மட்டும் பழைய வெட்டு, அதுவும் துரு ஏறியது. போல்ட் முழுசாக இருந்தது. கிராஸ் கையால் ஆட்டினால் அசையவில்லை. கெட்டுப்போனவை டிராக்டரின் பின்புறத்திலிருந்த எண்ணெய் சீல், அதன் பின்னாலிருந்த பேரிங், பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் வளையம் ஆகிய மூன்றும். இவை முறுக்கினால் போகிறவை அல்ல. யாரோ பின்னாலிருந்து நேராக முன்னால் தள்ளியதுபோல மூன்றும் ஒரே திசையில் உள்ளே போயிருந்தன.

தள்ளியது யார் என்பதையும் ஷாப்டே காட்டிக்கொடுத்தது. பி.டி.ஓ. ஷாப்ட் ஒரே குழாய் அல்ல. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள். கருவி ஏறி இறங்கும்போது டிராக்டருக்கும் அதற்கும் உள்ள தூரம் மாறும், அதற்கேற்ப ஷாப்ட் நீளவும் குறுகவும் வேண்டும். மெக்கானிக் உள்குழாயை உருவி கிரீஸைத் துடைத்துக் காட்டினார். அதன் நுனி தேய்ந்த நாணயம்போலப் பளபளத்தது, விளிம்பு லேசாக வெளியே மடிந்திருந்தது. வெளிக்குழாயின் அடியிலும் அதே அளவில் ஒரு பளபளப்பு. இந்த வழக்கில் முதன்மைச் சாட்சி என்று நான் கருதுவது இதைத்தான். ஒரே ஒரு அடி விழுந்திருந்தால் மங்கலாக ஒரு நசுங்கல் இருக்கும். பளபளப்பு ஒரு நாளில் வருவதில்லை. ஒவ்வொரு வரப்பிலும், ஒவ்வொரு தூக்கலிலும் முட்டி முட்டி வந்தது அது. 38 மணி நேரத்தில் எத்தனை வரப்பு, எத்தனை திருப்பம்!

அளந்தும் பார்த்தோம். ஷாப்டை மாட்டாமல் கருவியை மட்டும் மெதுவாக ஏற்றி இறக்கி, இடைவெளி எங்கே மிகக் குறைகிறது என்று மெக்கானிக் குறித்துக்கொண்டார். அந்த இடத்தில் ஷாப்ட் முழுதாக மூடிய பிறகும் சுமார் 25 மி.மீ. இடம் மிச்சம் இருக்க வேண்டும். மிக அதிகமாக நீளும் நிலையிலும் இரு குழாய்களும் ஒன்றுக்குள் ஒன்று போதிய அளவு நுழைந்தே இருக்க வேண்டும். எங்கள் ஷாப்டில் மிச்சம் இருக்கவே இல்லை, இடைவெளியைவிட ஷாப்ட்தான் 4 மி.மீ. நீளமாக இருந்தது. பின்களிலும் இணைப்புக் கைகளிலும் உள்ள ஆட்டம் அந்த 4 மி.மீட்டரைக் கொஞ்ச நாள் தாங்கியிருக்கிறது. தாங்க முடியாத அன்றைக்குப் பேரிங் விட்டது.

இனி ஓட்டியவன் மீதான குற்றச்சாட்டு. அவன் பி.டி.ஓ.வை நிறுத்தாமலே கருவியை உயரத் தூக்கித் திருப்பினான். அது தப்புதான். சுழலும் ஷாப்ட் அவ்வளவு கோணத்தில் மடங்கினால் கிராஸ் மூட்டு சீக்கிரம் தேயும், அருகில் ஆள் நின்றால் அதைவிடப் பெரிய ஆபத்து. அதற்காக அவனைக் கண்டிக்க வேண்டும், கண்டித்தேன். ஆனால் நிறுத்திவிட்டுத் தூக்கியிருந்தால் இந்தப் பேரிங் தப்பியிருக்குமா? தப்பியிருக்காது. சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் நீளமான ஷாப்ட் முட்டத்தான் செய்யும். அவன் செய்த தப்பு உண்மையானது. இந்தச் சேதத்துக்கு அது காரணமல்ல.

வண்டி சின்னது, பாரம் தாங்கவில்லை என்ற வாதமும் வந்தது. 24 குதிரைத்திறன் வண்டியில் என்ன இருக்கும் என்று பெரிய டிராக்டர்காரர்கள் சொல்வது வழக்கம். இந்த ரகத்தில் மஹிந்திரா ஜிவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி2441 இரண்டுக்குமே தூக்குதிறன் 750 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட எண் பொதுவாக இணைப்புக் கையின் நுனியில் அளந்தது. பாரம் பின்னால் தள்ளிப் போகப் போக வண்டியால் தூக்க முடிவது குறையும். சர்வதேசச் சோதனை முறையில் 610 மி.மீ. பின்னால் தள்ளியும் ஒருமுறை அளப்பது அதற்காகத்தான். அதைக் கழித்தாலும் ஒரு சிறிய ரொட்டவேட்டருக்கு அந்தத் திறன் தாராளம். லிப்டு ஒருநாளும் திணறவில்லை, முன்சக்கரமும் எழும்பவில்லை. பாரம் காரணமில்லை.

கருவியின் பிழை வண்டியை ஏன் அடிக்கிறது? கருவியை வண்டியோடு பிணைக்கும் மூன்று புள்ளி இணைப்பை ஹாரி பெர்குசன் கொண்டுவருவதற்கு முன்பு கலப்பையை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்தார்கள். கலப்பை பாறையில் மாட்டினால் வண்டியே முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழும், ஓட்டுநர் அடியில் நசுங்குவார். பெர்குசனின் அமைப்பு கருவியையும் வண்டியையும் ஒரே உடம்பாக்கி அந்தச் சாவைப் பெருமளவு தடுத்தது. 1946இல் வந்த டி.இ.20 வண்டியோடு அது உலகெங்கும் பரவியது. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் தயாரித்த மாஸி பெர்குசன் வண்டிகளில் அவர் பெயரும் நம் ஊர்களுக்கு வந்தது. ஒரே உடம்பு என்பதற்கு மறுபக்கமும் உண்டு. கருவி பொருந்தாமல் போனால் நோவு வண்டிக்கு வருகிறது.

பொருத்தம் பார்ப்பது யார் வேலை? என் விஷயத்தில் டிராக்டர் ஒரு கடை, ரொட்டவேட்டர் வேறு கடை. ரொட்டவேட்டருடன் வந்த ஷாப்ட் பல வண்டிகளுக்கும் ஆகும்படி நீளமாகத்தான் வரும். வண்டிக்கு ஏற்ப அளந்து அறுத்துக் கொடுக்க வேண்டும். மாட்டிவிட வந்தவர் பின்னைப் போட்டார், லிஞ்ச் பின்னை மாட்டினார், அரையடி தூக்கிக் காட்டினார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். முழு உயரத்துக்குத் தூக்கிக் காட்டவில்லை. வண்டி விற்றவருக்கு அந்தக் கருவி என்னவென்றே தெரியாது. வாரண்டியில் கேட்டால் வெளியார் கருவியால் வந்த பழுது என்று ஒதுக்குகிறார்கள், அதில் சட்டப்படி தவறும் இல்லை. காப்பீட்டிலும் அப்படியே. வண்டி மோதினால், கவிழ்ந்தால் உண்டு, இயந்திரப் பழுதுக்கு வழக்கமான பாலிசி இல்லை என்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது, பல உதிரி பாகங்களுக்கு 18இலிருந்து 5 ஆனது. அதனால் பில் கொஞ்சம் இறங்கியது. சாமந்தி நாற்று நட வேண்டிய பருவத்தில் வண்டி கொட்டகையில் நின்ற 9 நாளுக்கு எந்தச் சலுகையும் இல்லை.

இதில் அரசு செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவீதம் வரையும் மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும் மானியம் தருகிறார்கள். வாங்கிய இயந்திரத்தை நேரில் வந்து சரிபார்க்கும் வழக்கமும் உண்டு. அந்த வருகையின்போதே கருவியை மாட்டி, கீழிருந்து மேல்வரை ஒருமுறை முழுதாகத் தூக்கி இறக்கச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலை. இரண்டு கடைகளுக்கும் நடுவில் அனாதையாகக் கிடக்கும் பொறுப்பை யாராவது எடுத்தாக வேண்டும்.

என் தீர்ப்பு இது. கல் குற்றமற்றது. வண்டி குற்றமற்றது. அளக்காமல் மாட்டிக்கொடுத்தவர் முதல் குற்றவாளி. இரண்டாவது ஆள் நான். என் பங்கும் சிறியதல்ல. பத்து மணி நேரம் ஓடியிருந்தபோதே அண்ணன் மகன் வந்து சொன்னான்: "சித்தப்பா, தூக்கும்போதெல்லாம் பின்னால டொக்குனு ஒரு சத்தம் வருது." புது வண்டி, போகப் போகச் சரியாயிடும்டா என்று அனுப்பிவிட்டேன். அன்றைக்கு இறங்கிப் போய்ப் பார்த்திருந்தால் ஒரு ரம்பமும் அரைமணி நேரமும் போதும். மெக்கானிக் கடைசியில் செய்ததும் அவ்வளவுதான். இரண்டு குழாயிலும், மேலுறையிலும் 30 மி.மீ. அறுத்து, பிசிறைத் தேய்த்து, கிரீஸ் போட்டு மாட்டினார்.

வண்டி மறுபடி காட்டில் இறங்கிய அன்று அவனையே ஓட்டச் சொன்னேன். வரப்பு வரும்போது பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் தூக்கினான். சத்தம் இல்லை. சாயங்காலம் அதே டீக்கடைக்குப் போய், அவன்மீது சொன்னது தப்பு என்று அன்று கேட்டவர்களிடமே சொல்லிவிட்டு வந்தேன்.