மந்திர உலகில் தெய்வமும் திருநாளும்: உர்சுலா கே. லெ குவினின் ‘எர்த்சீ’ புதினங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மந்திரம் மெய்யாகவே பலிக்கும் கற்பனை உலகுகளில் சமயமும் திருவிழாவும் எப்பணியைச் செய்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. டோல்கீன், லூயிஸ், ரௌலிங், பிராட்செட் ஆகியோரின் படைப்புகள் பின்புலமாகச் சுட்டப்பெறுகின்றன. லெ குவினின் ‘எர்த்சீ’ வரிசைப் புதினங்கள் முதன்மைத் தரவாகின்றன.

திறவுச்சொற்கள்: மிகுபுனைவு, எர்த்சீ, சடங்கு, மந்திரம், விழா, பெயர்

முன்னுரை

மிகுபுனைவு எழுதும் ஆசிரியர் ஓர் உலகை அடியிலிருந்து படைக்கிறார். நிலம், பருவம், மொழி, உயிரினம் ஆகியவற்றோடு, அவ்வுலக மக்கள் எதை வணங்குகின்றனர், எந்நாளைக் கொண்டாடுகின்றனர் என்பதையும் அவரே முடிவு செய்தாக வேண்டும். தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வத்தை முதலில் வைத்தார். நிலமும் பொழுதும் அமைந்தபின் அந்நிலத்து வாழ்வு தெய்வத்திலிருந்து தொடங்குகிறது என்று அவ்வைப்பு முறைக்குப் பொருள் கொள்ள இடமுண்டு. மிகுபுனைவு ஆசிரியர் பலரும் அறிந்தோ அறியாமலோ இவ்வரிசையிலேயே தம் உலகுகளைக் கட்டியுள்ளனர்.

ஆயினும் இவ்வுலகுகளுக்கென ஒரு தனிச்சிக்கல் உண்டு. மழை மனிதன் கையில் இல்லாததால் மழை வேண்டி வழிபாடு நிகழ்கிறது. காற்றையும் மழையையும் சொல்லால் திருப்பும் வித்தகர் ஊர்தோறும் இருந்தால் அவ்வழிபாட்டுக்கு என்ன தேவை? இறந்தவரைக் கண்ணால் காண இயலுமாயின் மறுமை பற்றிய நம்பிக்கைக்கு என்ன வேலை? மந்திரம் சமயத்தின் இடத்தை நிரப்பிவிடுகிறது, எஞ்சும் விழாக்கள் வண்ணம் சேர்க்கும் அலங்காரமே என்று இவ்வினாவுக்கு எளிதில் விடை கூறிவிடலாம். அவ்விடை சில நூல்களுக்குப் பொருந்தும், எர்த்சீக்குப் பொருந்தாது.

நீக்கமும் நாட்காட்டியும்

டோல்கீன் (‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’, 1954–55) சமயத்தைத் தம் கதையிலிருந்து திட்டமிட்டு நீக்கியவர். தம் நூல் அடிப்படையில் கத்தோலிக்கச் சமயநூல் என்றும், அதனாலேயே வழிபாடு குறித்த வெளிப்படைக் குறிப்புகளை அகற்றியதாகவும் 1953ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் அவர் எழுதினார். நூலில் எஞ்சியிருப்பவை மிகச் சில. ஃபாரமிரும் அவனுடைய வீரர்களும் உணவுக்குமுன் மேற்கு நோக்கி வாய்திறவாது நிற்பது அவற்றுள் ஒன்று. அதற்கு இணையான வழக்கம் தன் நாட்டில் இல்லையே என ஃபுரோடோ கூச்சமுறுகிறான்.

வழிபாடு நீங்கிய இடத்தில் நாட்காட்டி நிற்கிறது. ஷயரில் 12 மாதங்கள். ஒவ்வொன்றுக்கும் 30 நாள். எஞ்சும் ஐந்து நாள்கள் எம்மாதத்திலும் சேராதவை. ஆண்டின் இறுதி நாளும் அடுத்த ஆண்டின் முதல் நாளும் யூல்; கோடை நடுவில் வரும் மூன்று நாள்களும் களிப்புக்குரியவை. மோதிரம் அழியும் நாள் மார்ச் 25. கிறித்தவ மரபில் அது மரியாளுக்கு வானதூதர் செய்தி கூறிய திருநாள். 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு தொடங்கிய நாளும் அதுவே. மோதிரக் குழு ரிவென்டெல்லை விட்டுப் புறப்படும் நாளோ டிசம்பர் 25. கதைமாந்தர் எவருக்கும் இவற்றின் பொருள் தெரியாது. வாசகரிலும் பின்னிணைப்பைப் புரட்டுவோரே அறிவர். விழா இங்கே ஆசிரியர் தமக்குள் வைத்துக்கொண்ட வழிபாடாக மாறியுள்ளது. அவருடைய புனைவுலகில் விரிவாகப் பேசப்படும் கோயில், நூமெனோரில் சௌரான் எழுப்பி நரபலியிட்ட கோயில் என்பதும் கருதத்தக்கது. அதே தீவில் மெய்யான வழிபாடு நிகழ்ந்த மெனெல்டார்மா மலையுச்சியில் கட்டடமே இல்லை.

லூயிஸ் இதற்கு நேர்மாறானவர். நார்னியாவில் (1950) வெண்சூனியக்காரியின் ஆட்சியில் பனிக்காலம் நீங்குவதில்லை, கிறிஸ்துமஸும் வருவதில்லை. விழா வாராமையே சாபத்தின் வடிவம் என்பது மிகக் கூர்மையான கற்பனை. ஆனால் கிறிஸ்து என்னும் பெயரையே அறியாத உலகில் அவருடைய பிறந்தநாள் எவ்வாறு வந்தது என்பதற்கு நூலில் விடையில்லை. கிறிஸ்துமஸ் தாத்தா சறுக்குவண்டியில் வந்து வாளும் வில்லும் மருந்துக்குப்பியும் தந்து செல்கிறார். ஆங்கிலேயக் குழந்தை அறிந்த விழா, அதன் வேர் அறுபட்ட நிலையில் வேற்றுலகில் நடப்பட்டிருக்கிறது. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் நூல்களில் (1997–2007) இவ்வேரறுதல் இன்னும் முழுமையானது. ஹாக்வர்ட்ஸில் கிறிஸ்துமஸ் என்பது விடுமுறை, பரிசு, விருந்து. ஏழாம் நூலில் மட்டும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், தேவாலயப் பாடல் கேட்கும் கல்லறைத் தோட்டத்தில் விவிலிய வாசகம் பொறித்த கற்களின் முன் ஹாரி நிற்கிறான். அவ்வாசகங்கள் விவிலியத்தினுடையவை என்பதை அவன் உணர்வதில்லை. வரிசை முழுமையிலும் விழாவுக்கு எடை கூடும் இடம் அதுவொன்றே எனலாம்.

பிராட்செட்டின் ‘ஹாக்ஃபாதர்’ (1996) நகைச்சுவை நூல் என்பதால் ஒதுக்கத்தக்கதன்று. அதில் தெய்வங்கள் நம்பிக்கையால் உயிர்வாழ்பவை. ‘ஸ்மால் காட்ஸ்’ (1992) புதினத்தில் பெருஞ்சமயமொன்றின் கடவுள், உண்மையாக நம்புபவர் ஒருவரே எஞ்சியமையால் ஆமையாகச் சுருங்கிக் கிடக்கிறார். அக்கருத்தை ‘ஹாக்ஃபாதர்’ விழாவுக்கு நீட்டிக்கிறது. பனிக்கால விழாவின் தலைவரை ஒழிக்க முயல்கின்றனர். மரணமே அவருடைய உடையணிந்து பரிசு வழங்கக் கிளம்புகிறது. விழா பொய்த்திருந்தால் மறுநாள் கதிரவன் எழுந்திராது, எரியும் வாயுக்கோளம் ஒன்றே ஒளி தந்திருக்கும் என்பது மரணம் தன் பேர்த்தி சூசனுக்குக் கூறும் விளக்கத்தின் சாரம். விழா பொய்க்கக்கூடியது, பொய்த்தால் உலகம் குறையும் என்னும் சிந்தனை இங்கு வெளிப்படையாகவே பேசப்படுகிறது. பேசப்படுவதுதான் குறையும்கூட. விழாவின் தேவையை ஒரு பாத்திரம் வாதமாக எடுத்துரைக்கிறது. கதைநிகழ்வு அதைத் தானே சுமப்பதில்லை.

அட்டுவான்: பொருளிழந்த சொல், நிலைத்த சடங்கு

எர்த்சீ தீவுக்கூட்டத்தில் மந்திரம் என்பது பெயரறிவு. ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவர் அதனை ஆளலாம். இங்கு வாழும் ஹார்டிக் மக்களுக்குக் கோயிலில்லை, புரோகிதரில்லை. குளிர்கால நடுவில் கதிரவன் திரும்பும் ‘சன்ரிட்டர்ன்’ என்னும் கதிர்மீட்சி விழாவும், கோடையின் குறுகிய இரவில் ஆடும் நெடுநடனமும் அவர்களுக்குண்டு. கிழக்கேயுள்ள கார்காத் தீவினரோ மந்திரத்தை வெறுப்பவர்கள். அவர்களுக்குக் கோயில்களும் தெய்வவேந்தனும் உண்டு. மானிடவியலறிஞர் ஆல்பிரட் குரோபரின் மகளான லெ குவின், மந்திரத்தையும் சமயத்தையும் இவ்வாறு இரு மக்களிடையே பிரித்து வைத்தது தற்செயலாக இருக்க முடியாது.

‘தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’ (1971) பெரும்பாலும் கார்காத் மண்ணில் நிகழ்கிறது. முந்தைய தலைமைப் பூசாரினி இறந்த இரவில் பிறந்தவள் என்பதால், தெனார் என்னும் சிறுமி ஐந்து வயதில் வீட்டிலிருந்து கொண்டுவரப்படுகிறாள். சடங்கில் அவளுடைய பெயர் பறிக்கப்பட்டு, ‘உண்ணப்பட்டவள்’ என்னும் பொருளில் அர்ஹா என்றாகிறது. அவள் பணிசெய்யும் தெய்வங்கள் ‘பெயரற்றோர்’. பெயரே ஆற்றலாக விளங்கும் உலகில் பெயரற்றவற்றுக்கு ஒரு பெண்ணின் பெயர் படையலாகிறது. புதினத்தின் முழுக் கொடுமையும் இந்த ஒரு செயலில் அடங்கியுள்ளது.

அச்சடங்கில் பூசாரினிகள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப ஓதுகின்றனர். அதன் பொருள் எவருக்கும் நினைவில்லை; ஓதல் நிற்பதுமில்லை. அரியணை மண்டபத்தில் வெற்று இருக்கையின்முன் ஆடல் நிகழ்கிறது. தெய்வவேந்தனின் பூசாரினியான கோசிலுக்குப் பெயரற்றோரிடம் நம்பிக்கையே இல்லை. ஒளி புகக்கூடாத நிலவறைக்குள் அவள் விளக்குடன் செல்கிறாள். தண்டிக்க எவரும் எழவில்லை. அதைக் கண்ட அர்ஹாவுக்கு உலகம் சரிகிறது. தெய்வங்கள் பொய் என்ற முடிவுக்குக் கதையைக் கொண்டுசெல்ல லெ குவினுக்கு இதுவே தக்க இடம். அவர் அதைச் செய்யவில்லை. பெயரற்றோர் மெய்யானவர்கள், ஆற்றலுடையவர்கள், ஆனால் வணங்கத் தக்கவர்கள் அல்லர் என்று கெட் அவளுக்கு எடுத்துரைக்கிறான். ‘உண்டா, இல்லையா’ என்னும் வினா ‘வணங்கத் தகுமா’ என்னும் வினாவாக மாறுகிறது. மந்திர உலகில் சமயம் பற்றிக் கேட்கத்தக்க வினா அதுவே. ஏனெனில் அங்கே ஆற்றல்களின் இருப்பு ஐயத்துக்குரியதன்று.

மிதவைகளில் நெடுநடனம்

நெடுநடனம் வரிசையின் முதல் நூலிலேயே (‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’, 1968) அறிமுகமாகிறது. ரோக் தீவில் மாணவனாக இருக்கும் கெட் அதைக் காண்கிறான். கடலால் பிரிந்த தீவுகளின் வீதிகளெங்கும் ஒரே இரவில் ஒரே ஆடல் நடைபெறுகிறது. அந்நூலில் அது அழகியதொரு பின்னணி, அதற்கு மேலில்லை.

‘தி ஃபார்த்தெஸ்ட் ஷோர்’ (1972) அதை மீண்டும் எடுத்து முறித்துப் பார்க்கிறது. இறவாமையை வேண்டிக் கோப் என்னும் வித்தகன் உயிருக்கும் சாவுக்கும் இடையே திறந்த வாயில் வழியே உலகின் பொருள் வடிந்துகொண்டிருக்கிறது. மந்திரவாதிகள் சொற்களை மறக்கின்றனர். கைவினைஞரின் தொழில் சீர்குலைகிறது. கெட்டும் இளவரசன் ஆரெனும் தென்கடலில் மிதவைகளில் வாழும் மக்களிடையே தங்குகின்றனர். ஆண்டுக்கொருமுறை மட்டும் கரை காணும் அம்மக்களிடம் வித்தகர் இல்லை. ஆதலின் கேடு அவர்களை இன்னும் எட்டவில்லை எனத் தோன்றுகிறது. கோடை நடு இரவில் அவர்கள் மிதவைகளில் நெடுநடனம் ஆடுகின்றனர். விடியும்முன் பாடகர் நிறுத்திவிடுகின்றனர். பாட்டு மறந்துபோயிற்று. ஆடல் நிற்கிறது.

அட்டுவான் காட்சியை இதன் அருகில் வைத்துக் காணவேண்டும். அங்கே சொல்லின் பொருள் மறைந்தும் சடங்கு தொடர்கிறது. யாரும் அதைக் குறையாகக் கருதவில்லை. இங்கே பாட்டு மறந்தவுடன் விழா நின்றுவிடுகிறது, எல்லாரும் அஞ்சுகின்றனர். சொல்லின்றியும் நடக்கக்கூடிய சடங்கு அதிகாரத்தின் சடங்கு, சொல் போனால் நடக்க இயலாதது மக்களின் விழா என்று லெ குவின் எங்கும் கூறவில்லை; ஆனால் இவ்விரு காட்சிகளும் அப்பாகுபாட்டை உறுதியாக நிறுவுகின்றன. நின்றுபோன நடனத்தை மீட்பவன் ஆரென். மந்திரம் கல்லாத அவன், ஈயாத் தீவின் படைப்பைப் பற்றிய மிகப் பழம்பாடலை விடியும்வரை பாடுகிறான். நெடுநடனம் நிறைவுறுவதற்கு வேண்டியது நினைவு, வித்தை அன்று. மந்திரம் செறிந்த இவ்வுலகில் மந்திரத்தால் ஈடுசெய்ய முடியாதது ஒன்று உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வரிசையில் இல்லை.

விழா தவறுதல் கேட்டுக்கு இட்டுச்செல்லும் என்னும் எண்ணம் தமிழ் வாசகருக்குப் புதிதன்று. மணிமேகலையில் மகனை இழந்த துயரில் நெடுமுடிக்கிள்ளி இந்திரவிழாவை மறக்கிறான். புகாரைக் கடல் கொள்கிறது. வான்வழிச் செல்லவும் வேற்றுருக் கொள்ளவும் மந்திரம் பெற்ற தலைவியைக் கொண்ட காப்பியம் அது. ஆயின் அங்கே விழாவைத் தவறவிட்டோரைத் தண்டிக்கத் தெய்வம் உண்டு. மிதவை மக்களைத் தண்டிப்போர் எவருமில்லை. விழா நின்ற அமைதியே அவர்களுக்கு நேர்ந்த கேடு. ஒப்புமையை இதற்குமேல் நீட்டுவது இரு நூலுக்கும் நியாயமாகாது.

ஒருபக்கச் சாய்வும் திருத்தமும்

முதல் மூன்று நூல்களையும் சேர்த்து நோக்கினால் ஒரு சாய்வு புலப்படும். கோயில், இருள், பெண்கள் ஆகியன ஒருபுறம். திறந்தவெளி, ஒளி, ரோக் தீவின் ஆடவர் கல்விக்கூடம் ஆகியன மறுபுறம். ஹார்டிக் மக்களைக் கருமையும் செம்மையும் கலந்த நிறத்தவராகவும் கார்காத் மக்களை வெண்ணிறத்தவராகவும் படைத்து, மிகுபுனைவின் வழக்கமான நிறவரிசையைத் தலைகீழாக்கிய ஆசிரியர், சமயம் பற்றிய வரிசையில் மட்டும் அத்தகைய எச்சரிக்கையைக் காட்டவில்லை. சமயமுடையோர் ஏமாற்றப்பட்டவர், சமயமற்றோர் தெளிந்தவர் என்ற எளிய வாசிப்புக்கு அந்நூல்கள் இடமளிக்கவே செய்கின்றன.

‘தெஹானு’வில் (1990) ஆடவர் வித்தகத்தின் மீதான மதிப்பை அவர் மறுபரிசீலனை செய்தமை பரவலாகப் பேசப்பட்டுள்ளது. சமயத்தைப் பற்றிய திருத்தம் ‘தி அதர் விண்ட்’ (2001) புதினத்தில் நிகழ்கிறது; அது போதிய கவனம் பெறவில்லை. இறந்தோர் மீண்டும் பிறப்பர் என்பது கார்காத் மக்களின் நம்பிக்கை. மந்திரம் பயிலும் ஹார்டிக் மக்கள் மீள்பிறப்பை இழந்த சபிக்கப்பட்டோர் என்றே அவர்கள் கருதுகின்றனர். அட்டுவான் புதினத்தைப் படித்த வாசகர் இதையும் கல்லறைத்தீவின் மூடநம்பிக்கைகளுள் ஒன்றாகவே கொண்டிருப்பார். இறுதிப் புதினமோ கார்காத் மக்கள் கூறியதே சரி என்று காட்டுகிறது. நீரும் ஒளியும் பிறப்பும் அற்ற அந்த ‘வறண்ட நிலம்’ பண்டை வித்தகர் பெயரின் ஆற்றலால் இறவாமையைக் கவர முயன்றதன் விளைவு. கார்காத் இளவரசி செசெராக் தன் நாட்டுப் பழங்கதையாகச் சொல்பவை ரோக் தீவின் நூலகத்தில் கிட்டாதவை. பெயரற்றோருக்குப் பணிசெய்து தப்பிய தெனாரே முதுமையில் அவள் மொழியை அரசவைக்குப் பெயர்த்துரைப்பவளாகவும் நிற்கிறாள்.