மறதி ஆறும் மறுமை நீதியும்

அறிவுக்கு அரியணை அமைத்த நாடு கிரேக்கம். அந்நாட்டு அறிஞர் வரிசையில் முன்நிற்பவர் பிளேட்டோ. அவர் தீட்டிய ‘குடியரசு’ எனும் நூலை நாம் போற்றுகிறோம். போற்றுவதாலேயே, அதன் இறுதியில் வரும் மறுமைக் கதையை உரைத்துப் பார்க்கவும் கடமைப்பட்டுள்ளோம்.

ஈர் என்றொரு வீரன். போரில் மாண்டான். பத்தாம் நாள் கண்டெடுத்த உடல் அழுகவில்லை. பன்னிரண்டாம் நாள் சிதையின் மீதே உயிர்த்தெழுந்தான்! மறுவுலகில் கண்டதைக் கூறினான். தீமை ஒவ்வொன்றுக்கும் பத்து மடங்கு தண்டனை. ஆயிரம் ஆண்டுப் பயணம். கொடுங்கோலன் அர்டியேயசுக்கோ மீளா நரகம்! திரும்பிய உயிர்கள் சீட்டு விழுந்த வரிசையில் வந்து, அடுத்த பிறவியைத் தாமே தேர்ந்தெடுக்கின்றனவாம். பொறுப்பு தேர்ந்தவருடையது, தெய்வத்தின்மேல் பழியில்லையாம்! பின்னர் மறதி நீரைப் பருகி, அனைத்தையும் மறந்து பிறக்கின்றனவாம்.

இதே நூலின் மூன்றாம் பகுதியில் பிளேட்டோ கூறுவதென்ன? கீழுலகை அச்சந்தரும் இருளாகக் காட்டும் ஹோமரின் அடிகளை நீக்குக. அவை வீரரைக் கோழைகளாக்கும் என்கிறார். கவிஞன் காட்டினால் நஞ்சு. தத்துவ மேதை காட்டினால் மருந்தோ?

கடைசிச் சீட்டுப் பெற்ற ஒடிசியசும் ஆராய்ந்து, அமைதியான எளிய வாழ்வைத் தேர்ந்தான். முதற்சீட்டுப் பெற்றவனோ ஆராயாது கொடுங்கோல் வாழ்வைப் பற்றிக் கதறினான். ஆராயும் அறிவே துணை என்பது கதையின் கருத்து என்பர். ஒப்புகிறோம். ஆனால் மறதி நீர் எதற்கு? அடிமையாய்ப் பிறந்தவன், “யான் செய்த குற்றமென்ன?” என்று கேட்டால், “நீயே தேர்ந்தாய், மறந்துவிட்டாய்” என்பதன்றோ விடை! சான்றில்லை, நினைவில்லை, தீர்ப்பு மட்டும் உண்டு! அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்த ஏதென்சில், இவ்விடை யாருக்கு இனித்திருக்கும்? ஆண்டானுக்கா, அடிமைக்கா?

ஆள்வோர் பொன் கலந்து பிறந்தோர், உழுவோர் இரும்பும் வெண்கலமும் கலந்து பிறந்தோர் என்னும் கதையையும் அந்நூலே சொல்கிறது; அது பொய்யென்று ஒப்புக்கொண்டே, நாட்டு நலனுக்கு வேண்டும் என்கிறது. பொய்யில் எழுந்த ஒழுங்கு எத்தனை நாள் நிற்கும்?

கி.மு. 341-இல் பிறந்த எபிக்யூரஸ் வேறு வழி காட்டினார். இறந்தபின் உணர்வில்லை, உணர்வில்லாதபோது தண்டனை ஏது என்றார். அவரது தோட்டப் பள்ளியில் பெண்களுக்கும் இடமிருந்தது; அடிமைகளுக்கும் இடமிருந்தது. மறுமை அச்சம் அகன்ற இடத்தில் மனிதன் நிமிர்ந்தான்!

ஈர் ஒருவனை மட்டும் அந்நீரைப் பருக விடவில்லை என்கிறது கதை. பருகாததால்தான் அவன் கண்டதைச் சொல்ல முடிந்தது. தோழர்களே, நாமும் பருக வேண்டாம்!