கடல் தாண்டும் ஆட்டம், கால் வழுக்கும் தரை

மியூனிக் நகரின் அலையன்ஸ் அரீனாவில் 2022 நவம்பர் 13 அன்று டாம் பிராடி சறுக்கி விழுந்தார். அது பேயர்ன் மியூனிக் கால்பந்து அணியின் சொந்த மைதானம். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். ஜெர்மன் மண்ணில் முதன்முறையாக நடத்திய லீக் ஆட்டத்தில் டாம்பா பே புக்கனியர்ஸும் சியாட்டில் சீஹாக்ஸும் மோதின. இரண்டாம் பாதியில் புக்கனியர்ஸ் ஒரு தந்திர ஆட்டத்தில் இறங்கியது. வழக்கமாகப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பிராடி ஓரமாகப் போய் நின்றார். பந்தை ஏந்தி ஓடும் லெனார்ட் ஃபோர்னெட் அவரை நோக்கி எறிந்தார். பந்துக்காகக் கால் எடுத்து வைத்த பிராடி புல்லில் வழுக்கி விழ, எதிரணியின் தாரிக் வூலன் பந்தைப் பறித்துக்கொண்டார்.

பிராடிக்கு அப்போது 45 வயது. அவருக்குக் காயம் இல்லை. அணியும் 21-16 என வென்றது. மைதானத்தில் நிரம்பி வழிந்த ஏறக்குறைய 70 ஆயிரம் பேர் பாடிக் கொண்டாடினார்கள். வணிகக் கணக்கில் அது மாபெரும் வெற்றி. ஆனால் அன்று வழுக்கியது பிராடி ஒருவர் மட்டுமல்ல. இரு அணி வீரர்களும் ஆட்டம் நெடுகக் கால் ஊன்ற முடியாமல் தடுமாறினார்கள். வெளிநாட்டு மைதானங்களுக்கு அமெரிக்கக் கால்பந்தைக் கொண்டுபோவது பற்றிப் பேசும்போது எல்லோரும் விமானப் பயணத்தையும் தூக்கம் கெடுவதையும் பற்றியே பேசுகிறார்கள். அவையும் முக்கியம்தான். ஆனால், முதலில் பார்க்க வேண்டியது வீரரின் காலுக்குக் கீழே இருக்கும் தரையை.

வேகமெடுக்கும் பயணம்

லீக் ஆட்டம் ஒன்றை என்.எஃப்.எல். முதன்முதலில் அமெரிக்காவுக்கு வெளியே நடத்தியது 2005 அக்டோபர் 2 அன்று, மெக்சிகோ சிட்டியின் ஆஸ்டெகா மைதானத்தில். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். 2007-ல் லண்டன் வெம்ப்ளிக்குப் போனது. அதன்பின் ஆண்டுக்கு ஓர் ஆட்டம், இரண்டு ஆட்டம் என்று வளர்ந்து, 2025 சீசனில் சாவ் பாவ்லோ, டப்ளின், லண்டன், பெர்லின், மாட்ரிட் என ஐந்து நாடுகளில் 7 ஆட்டங்கள் நடந்தன. மினசோட்டா வைகிங்ஸ் அணி அடுத்தடுத்த வாரங்களில் டப்ளினிலும் லண்டனிலும் ஆடியது. 2026 சீசனுக்கான பட்டியலில் நம் கிரிக்கெட் ரசிகர்கள் நன்கறிந்த மெல்போர்ன் எம்.சி.ஜி. மைதானமும் சேர்ந்தது. ஆண்டுக்கு 16 வெளிநாட்டு ஆட்டங்கள் என்பது லீக்கின் ஆணையர் ராஜர் குடெல் வெளிப்படையாகச் சொல்லியிருக்கும் இலக்கு. மொத்தம் 32 அணிகள் என்பதால், ஒவ்வோர் அணியும் ஆண்டுக்கு ஒருமுறை கடல் தாண்டும் என்று அர்த்தம்.

இந்த ஆசையில் தவறில்லை. ஒரு விளையாட்டு தன் ஊர் எல்லையைத் தாண்டி ரசிகர்களைத் தேடிப் போவது நல்லதுதான். போகிற இடத்தில் வீரருக்கு என்ன உத்தரவாதம் என்பதே கேள்வி.

தரை ஏன் முக்கியம்?

இந்த ஆட்டத்தின் முன்வரிசையில் நிற்பவர்கள் 140 கிலோவைத் தொடுபவர்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் முழு வேகத்தில் ஓடிவந்து, ஒரே காலை ஊன்றி, நொடியில் திசை திரும்புபவர்கள். அந்த ஊன்றலில் ஷூவின் அடிமுட்கள் தரையைக் கவ்வ வேண்டும். அளவுக்கு மீறிய விசை வந்தால் தரை கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். பிடி குறைந்தால் வீரர் வழுக்குவார். பிடி கூடினால் ஷூ மாட்டிக்கொள்ள, உடல் மட்டும் திரும்பும். முழங்கால் தசைநார் கிழிவது அந்தக் கணத்தில்தான்.

கால்பந்து மைதானம் வேறு தேவைக்கு வளர்க்கப்படுவது. அங்கே பந்து வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதற்காகப் புல்லை ஒட்ட வெட்டி, ஆட்டத்துக்கு முன் தண்ணீரும் தெளிப்பார்கள். எடை குறைந்த, லாகவமான கால்பந்து வீரருக்கு அது பொருந்தும். அதே தரையில் இரண்டு மலைகள் முட்டிக்கொண்டால் புல் வேரோடு பெயர்கிறது. 2007 வெம்ப்ளி ஆட்டத்தில் மழையும் சேர்ந்துகொள்ள, தரை சேறாகிப் போனது. அதே மைதானத்தில் மூன்றரை வாரம் கழித்து இங்கிலாந்து கால்பந்து அணி குரோஷியாவிடம் 2-3 எனத் தோற்று ஐரோப்பியக் கோப்பை வாய்ப்பை இழந்தபோது, மைதானத்தின் நிலையும் பேசுபொருளானது. விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்தே தொல்லை.

தரையின் கடினத்தை அளக்கக் கருவி இருக்கிறது. ஒரு குழாய்க்குள் எடை ஒன்றை மேலிருந்து விழவிட்டு, அது எவ்வளவு அதிர்ச்சியுடன் நிற்கிறது என்று பார்ப்பார்கள். 'கிளெக்' கருவி என்று அதற்குப் பெயர். என்.எஃப்.எல். விதிப்படி அந்த அளவு 100-ஐத் தாண்டக் கூடாது. தலை தரையில் மோதினால் என்ன ஆகும் என்பதற்கான பாதுகாப்பு அது. வழுக்கலைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. அங்கேதான் ஓட்டை இருக்கிறது.

மூன்று பாடங்கள்

முதல் பாடம், 2018 மெக்சிகோ. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ், கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் ஆகிய அணிகள் ஆஸ்டெகாவில் மோதுவதாக இருந்தது. அந்தக் கோடையில்தான் அங்கே இயற்கைப் புல்லோடு செயற்கை இழைகள் கலந்த புதிய தரை போடப்பட்டிருந்தது. அது வேர் பிடிப்பதற்குள் கால்பந்து ஆட்டங்கள், இசை நிகழ்ச்சிகள், கனமழை. தரை திட்டுத் திட்டாகப் பெயர்ந்து கிடந்த படங்கள் வெளியாகின. ஆடுவதா வேண்டாமா என்று வீரர்களே யோசிக்கத் தொடங்கினார்கள். ஆட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது லீக் அதை லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றியது. ராம்ஸ் 54-51 என வென்ற அந்த ஆட்டம் இன்றும் லீக் வரலாற்றின் சிறந்த ஆட்டங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. மாற்றியதால் ஆட்டம் கெட்டுப்போகவில்லை. மெக்சிகோ ரசிகர்களின் ஏமாற்றம் பெரிதுதான். ஆனால் அதற்குப் பொறுப்பு தரையைத் தயார் செய்யாமல் டிக்கெட் விற்றவர்களுடையது.

இரண்டாவது, 2019 வினிபெக். கனடாவில் கிரீன் பே பாக்கர்ஸ், ஓக்லாந்து ரெய்டர்ஸ் மோதிய பயிற்சி ஆட்டம். கனடிய விதியில் கோல் கம்பம் கோல் கோட்டின் மேலேயே நிற்கும். கம்பத்தைப் பிடுங்கியபின் மிஞ்சிய குழிகள், வீரர்கள் பாய்ந்து விழும் எல்லைக்குள் வந்துவிட்டன. குழிகளை மூடிப் பார்த்தார்கள், திருப்தி இல்லை. கடைசி நேரத்தில் 100 கஜ மைதானத்தை 80 கஜமாகச் சுருக்கி, தொடக்க உதையையும் கைவிட்டு ஆடினார்கள். ஆரோன் ராட்ஜர்ஸ் உட்பட 33 வீரர்களைப் பாக்கர்ஸ் உட்காரவைத்துவிட்டது. சரியான முடிவு. ஆனால் நட்சத்திரங்களைக் காப்பாற்ற வேண்டிய தரையில், அணியில் இடம் கிடைக்குமா என்று போராடும் இளம் வீரர்கள் ஆடினார்கள். அவர்களுடைய முழங்கால் மட்டும் மலிவா?

மூன்றாவது, 2024 சாவ் பாவ்லோ. தென்னமெரிக்காவில் என்.எஃப்.எல். நடத்திய முதல் ஆட்டம். பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 34-29 என பாக்கர்ஸை வென்றது. கொரிந்தியன்ஸ் மைதானத்தின் புல்லில் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக வழுக்கினார்கள். கடைசி நொடிகளில் பாக்கர்ஸின் ஜோர்டன் லவ் முழங்காலில் அடிபட்டு இரண்டு ஆட்டங்களைத் தவறவிட்டார். அந்தக் காயத்துக்குத் தரைதான் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. எதிரணி வீரர்கள் காலில் வந்து விழுந்த காயம் அது. ஆனாலும் திரை முழுக்கத் தெரிந்த அந்த வழுக்கலை லீக் பெரிய எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. வீரர்கள் தரையைக் குறை சொல்லும்போதெல்லாம் இந்த மனநிலையில்தான் பலர் அதைத் தள்ளிவிடுகிறார்கள். இங்கே புகார் சொல்வது உலகிலேயே இந்த ஆட்டத்தை மிக நன்றாக ஆடுபவர்கள். அவர்கள் கோணல் என்றால் கூடம் கோணல்தான்.

சொந்த ஊரிலும் இதே கதை

பழி முழுவதையும் வெளிநாட்டு மைதானங்களின் தலையில் கட்டக் கூடாது. 2023 பிப்ரவரியில் அரிசோனாவில் நடந்த சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்திலேயே வீரர்கள் வழுக்கி, பாதியில் ஷூ மாற்றினார்கள். அமெரிக்காவில் பல மைதானங்கள் செயற்கைப் புல் போட்டவை. 2012 முதல் 2018 வரையிலான காயக் கணக்கைக் காட்டி, யாரும் மோதாமலே காலில் ஏற்படும் காயங்கள் செயற்கைப் புல்லில் 28 சதவீதம் அதிகம் என்று வீரர்கள் சங்கத்தின் அப்போதைய தலைவர் ஜே.சி. டிரெட்டர் 2020-ல் எழுதினார். எல்லா ஆண்டிலும் அந்த வித்தியாசம் இல்லை என்கிறது லீக். 2023 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் மெட்லைஃப் மைதானச் செயற்கைப் புல்லில், நியூயார்க் ஜெட்ஸ் அணிக்காக இறங்கிய நான்காவது ஆட்ட அசைவிலேயே ஆரோன் ராட்ஜர்ஸின் குதிகால் தசைநாண் கிழிந்தபோது சர்ச்சை மீண்டும் வெடித்தது.

அதே மெட்லைஃப், 2026 கால்பந்து உலகக் கோப்பைக்காக இயற்கைப் புல் போட ஒப்புக்கொண்டது. ஃபிஃபா கேட்டது, கிடைத்தது. விருந்தினராக வரும் ஓர் அமைப்பு தன் வீரர்களுக்காக இப்படி நிபந்தனை போட முடியும் என்றால், மியூனிக்குக்கும் சாவ் பாவ்லோவுக்கும் விருந்தினராகப் போகும் என்.எஃப்.எல். ஏன் போடக் கூடாது? லண்டனில் டாட்டன்ஹாம் அதற்கு வழி காட்டியிருக்கிறது. 2019-ல் திறந்த அந்த மைதானத்தில் கால்பந்துப் புல்தரை மூன்று துண்டுகளாகப் பிரிந்து பார்வையாளர் மாடத்துக்கு அடியில் நகர்ந்துவிடும். கீழே அமெரிக்கக் கால்பந்துக்கென்றே தனித் தரை காத்திருக்கும். அது செயற்கைப் புல் என்ற குறை உண்டு. ஆனாலும் விருந்தாளிக்கென்று கட்டும்போதே யோசித்தார்கள் என்பது பெரிய விஷயம்.

நம்பச் சொன்னால் போதாது

'பாதுகாப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று லீக் சொல்லும்போது வீரர்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையைச் சிதைக்கிறது என்பதை மறைந்த வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் மருத்துவர் பென்னட் ஒமாலு 2002-லேயே கண்டார். அந்தத் தொடர்பை லீக்கின் உயர் அதிகாரி ஒருவர் பொதுவெளியில் ஒப்புக்கொள்ள 2016 ஆனது. 2022-ல் டுவா டாகோவைலோவா என்ற வீரர் தடுமாறி நின்றும் ஆட அனுமதிக்கப்பட்டு, நான்கே நாளில் மறுபடி தலையில் அடிபட்டுக் கிடந்த பிறகே விதி திருத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் விதிக்கு முன்னால் ஒரு வீரர் விழ வேண்டியிருந்தது.

லீக்கால் நன்றாகச் செய்யவும் முடியும். 2023 ஜனவரியில் சின்சினாட்டியில் ஆட்டத்தின் நடுவே வீரர் டமார் ஹாம்லினின் இதயம் நின்றபோது மைதானத்திலேயே அவரை உயிர்ப்பித்தது, அவசர சிகிச்சைக்கு முன்கூட்டியே எழுதி ஒத்திகை பார்த்திருந்த திட்டம். அந்தக் கண்டிப்பு தரைக்கும் வேண்டும்.

கிரிக்கெட்டில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1998 ஜனவரியில் ஜமைக்காவின் சபைனா பார்க்கில் வெஸ்ட் இண்டீஸ்-இங்கிலாந்து டெஸ்ட், ஆடுகளம் ஆபத்தானது என்று 10.1 ஓவரில் கைவிடப்பட்டது. 2009 டிசம்பரில் டெல்லி கோட்லாவில் இலங்கை மட்டையாளர்களைப் பந்து தாறுமாறாகத் தாக்கியதால் ஒருநாள் ஆட்டம் 23.3 ஓவரில் நின்றது. கோட்லாவுக்குத் தடையும் விழுந்தது. டிக்கெட் விற்றிருந்தது, தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, கூட்டம் கொந்தளித்தது. ஆனாலும் நடுவர்கள் கையில் அதிகாரம் இருந்தது, நிறுத்தினார்கள்.

என்.எஃப்.எல்.லுக்கு வேண்டியதும் அதுதான். லீக்கும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து நியமிக்கும் தனி ஆய்வாளர், வழுக்கலையும் அளந்து, 'ஆட முடியாது' என்று சொன்னால் அதுவே இறுதி என்ற விதி வர வேண்டும். ஆட்டத்துக்கு முந்தைய சில வாரங்கள் அந்தத் தரையில் கச்சேரியோ வேறு ஆட்டமோ கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு வெளிநாட்டு ஆட்டத்துக்கும் அமெரிக்காவில் மாற்று மைதானம் தயாராக நிற்க வேண்டும். திரும்பி வரும் அணிக்கு ஒரு வார ஓய்வு, அணி நிர்வாகத்தின் விருப்பமாக இல்லாமல் வீரரின் உரிமையாக இருக்க வேண்டும்.

இதைக் கேட்கச் சரியான நேரம் இதுதான். 17 ஆட்டங்கள் கொண்ட சீசனை 18 ஆக்க லீக் விரும்புகிறது. 2030 சீசன் வரை நடப்பிலுள்ள ஒப்பந்தத்தின்படி வீரர்கள் சம்மதிக்காமல் அது நடக்காது. பேரம் பேசும் பலம் வீரர்கள் கையில் இருக்கிறது. சம்பளத்தைப் பேசும் அதே மேசையில், ஆய்வாளரின் கையெழுத்து இல்லாத தரையில் கால் வைக்க மாட்டோம் என்பதை அவர்கள் எழுதி வாங்க வேண்டும். அது கிடைத்துவிட்டால் 16 ஆட்டங்கள் என்ன, அதற்கு மேலும் போகட்டும்.