இளையராஜாவின் திருவாசகம்: மலையகத்திலிருந்து ஒரு நோக்கு

மாணிக்கவாசகரின் திருவாசகத்திலிருந்து ஆறு பகுதிகளைத் தெரிந்தெடுத்து, மேலைத்தேய வாத்தியக் குழுவுக்கும் கூட்டுக்குரலுக்குமாக இளையராஜா அமைத்த இசை, 2005 ஆம் ஆண்டு இறுவட்டாக வெளிவந்தது. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. ஆங்கில வரிகளை அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் சுவார்ட்ஸ் எழுதினார். சென்னைத் தமிழ் மையம் அதனை வெளியிட்டது. தமிழ்ப் பாட்டுக்கு உலக அரங்கு கிடைத்ததென மகிழ்ந்தோர் ஒருபுறமும், ஓதுவாரின் பண் எங்கே போயிற்றெனச் சினந்தோர் மறுபுறமும் நின்றனர். இவ்விரு கூற்றுக்கும் அப்பால், அதிகம் கேட்கப்படாத வினா ஒன்று உண்டு. இந்த இசைக்கோலத்தில் ஒலிக்கும் கூட்டுக்குரல் யாருடைய குரல்?

இப்படைப்பைச் சிம்பொனி என வழங்குவது பெருவழக்கு. வடிவத்தை நோக்கின் ஓரட்டோரியோ என்பதே பொருந்தும். 1742 இல் டப்ளின் நகரில் முதன்முதல் அரங்கேறிய ஹாண்டலின் 'மெசையா' இவ்வடிவத்துக்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. சமய வரலாற்றையோ மறைமொழியையோ தனிக்குரலும் கூட்டுக்குரலும் பகிர்ந்து பாடுதல் அதன் இயல்பு. இதற்கு அண்மையான பாசன் இசையில், பாக் கூட்டுக்குரலுக்குத் தந்தவற்றுட் பல, அவருடைய சபையார் தேவாலயத்தில் தாமே பாடிப் பழகிய கீர்த்தனைகள். பாடகர் குழாம் ஆங்கு அலங்காரமன்று. இருக்கையில் அமர்ந்திருக்கும் மக்களின் பிரதிநிதி. திருவாசகத்தைத் தம் வாயாற் பாடிப் பழகிய மக்கள் யாரென்று தேடுவோர், சிதம்பரத்துக்கும் ஓதுவாரிடத்துக்கும் செல்லலாம். ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் வரலாம்.

மலையகத் தோட்டங்களில் மார்கழிப் பஜனை நெடுங்கால வழக்கு. விடியுமுன் கோயிலிலே கூடி, விளக்கேந்தி, ஆர்மோனியமும் கைத்தாளமும் கிடைத்த மத்தளமுமாக லயம் லயமாகச் செல்வர். பெரியவர் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் வாங்கிப் பாடுவர். திருவெம்பாவை, திருப்பாவை, நாமாவளி யாவும் கலந்து வரும். சைவம், வைணவம் என்ற பிரிவினை அக்குளிரில் நிலைப்பதில்லை. சுருதி விலகும், சிறுவர் தூக்கக் கலக்கத்தில் பாதியடியை விழுங்குவர். ஆயினும் திருவெம்பாவையின் நாடகம் முழுமையாக நிகழும் இடம் இதுவே. அப்பாடலிற் பெண்கள் ஒருத்தி வாயிலில் நின்று துயிலும் தோழியை எழுப்புகின்றனர்; உள்ளிருந்து விடை வருகிறது; பின் அடுத்த வாயில். பத்துக்குப் பன்னிரண்டடி அறைகள் ஒரே கூரையின்கீழ்ச் சுவரோடு சுவராக நீளும் லயத்திலே, வாயிலுக்கு வாயில் பாடிச் செல்வதற்கு வேறு மேடை வேண்டியதில்லை.

இதனை வெறும் பக்தி வழக்காகக் கொள்ளுதல் போதாது. தோட்டத்து விடியலை நெடுங்காலம் ஆண்டவை கொம்பும் தப்பும். அவை தொழிலாளரைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்த ஒலிகள். துரையின் நேரத்தை அறிவித்தவை. ஆண்டில் ஒரு மாதம் மட்டும், அவ்வொலிக்கு முன்னரே எழுந்து, தம்மவரைத் தம் குரலால் எழுப்பும் உரிமையை இம்மக்கள் எடுத்துக்கொண்டனர். இங்குக் கூட்டுக்குரல் என்பது இந்த உரிமையே. ஸி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் பயின்றோர், வேலையும் பாட்டும் இம்மண்ணில் எவ்வளவு நெருங்கியவை என்பதை அறிவர்.

இப்பின்னணியில் வைத்து நோக்கின், ஒலிப்பதிவின் உச்சம் சிவபுராணத்திலிருந்து எடுத்த பகுதி என்பதில் ஐயமில்லை. ஆறனுள்ளும் நீளமானது அதுவே. புல்லிலிருந்து தேவர் வரை பிறந்திளைத்த உயிரின் தனிமை அங்குப் பேசப்படுகிறது. அது 'நான்' என்னும் குரல். இசையமைப்பாளரின் கரடுமுரடான, பயிற்சியின் மெருகை நாடாத சொந்தக் குரல் அதற்கு மிகப் பொருத்தம். வாத்தியங்கள் அக்குரலைத் தாங்குகின்றன, மூடுவதில்லை. இடையிடையே வரும் ஆங்கில வரிகளோ வேறு செய்தி. மாணிக்கவாசகரின் தாழ்மை எலும்பை உருக்குவது. ஆங்கிலத்தில் அது மேடைநாடகப் பாடலின் இனிய தன்னிரக்கமாகச் சுருங்கிவிடுகிறது. 1900 இல் வெளிவந்த ஜி. யு. போப்பின் மொழிபெயர்ப்பு பழைய நடையினதாயினும் இதனினும் கனமுடையது.

'நாம்' என்னும் குரல் வேண்டிய இடத்திலேயே குறை தோன்றுகிறது. திருப்பொற்சுண்ணம் மகளிர் உலக்கையேந்தி நறுஞ்சுண்ணம் இடிக்கும் பாட்டு, உழைப்பின் பாட்டு. அதற்கு இளையராஜா துள்ளும் தாளம் தந்துள்ளார். இனிமைக்குக் குறைவில்லை, ஆனால் உலக்கையின் எடை கேட்கவில்லை. கூடை சுமந்து சரிவேறும் பெண்ணுக்குத் தெரிந்த மூச்சு அத்தாளத்தில் இல்லை. பாவலர் வரதராஜனின் குழுவில் ஆர்மோனியத்தோடு ஊரூராகச் சென்று உழைக்கும் மக்கள் முன் பாடிய ஒருவர், இதனை அறியாதவர் அல்லர்.

தேர்வும் ஆராயத்தக்கது. திருவாசகத்தின் 51 பதிகங்களுள் திருவெம்பாவை இங்கு இடம்பெறவில்லை. திருச்சாழலும் இல்லை. ஈழத்திலிருந்து சென்ற பௌத்தரோடு தில்லையில் நிகழ்ந்த வாதத்தையும், ஈழ மன்னனின் ஊமை மகள் வாய்திறந்து விடை கூறியதையும் மரபு அப்பதிகத்தோடு இணைக்கிறது. ஒருத்தி வினவ மற்றொருத்தி விடையிறுக்கும் அவ்வமைப்பு, இரு பிரிவாக நிற்கும் பாடகர் குழாத்துக்கென்றே செய்யப்பட்டது போன்றது. ஊமைக்கு வாய் வந்த கதையை இலங்கைத் தோட்டத்து மக்கள் எவ்வாறு கேட்டிருப்பர் என்பது எண்ணத்தக்கது. 1948 இல் குடியுரிமையையும் மறு ஆண்டில் வாக்கையும் இழந்து பல்லாண்டு வாய்மூடியிருந்தவர்கள் அவர்கள்.

பஜனைக் குழுக்கள் தளர்ந்தமைக்கு இறுவட்டைக் குறைகூறுதல் நியாயமன்று. 1964 ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அடியெடுத்துக் கொடுத்தவர் கப்பலேற, வாங்கிப் பாடியவர் இங்கே நின்ற லயங்கள் பல. அவ்விடத்தை ஒலிபெருக்கி நிரப்பியது, பிற்பாடு. எனினும் ஒலிபெருக்கியிலிருந்து வரும் கூட்டுக்குரல், எத்துணைச் செம்மையாயினும், எவர் வாயிலிலும் நின்று எவர் பெயரையும் சொல்லி அழைப்பதில்லை.

இறுதிப் பகுதியான அச்சப்பத்து இக்குறைகளை ஓரளவு ஈடுசெய்கிறது. தாளமும் கூட்டுக்குரலும் ஒன்றையொன்று உந்த, அஞ்சாதவற்றின் பட்டியல் நீள்கிறது. பாம்பில் தொடங்கும் அப்பட்டியல் நகரத்துக் கேட்போருக்கு உருவகமாகலாம். தேயிலைச் செடிக்குள் கைவிடுவோருக்குப் பாம்பும் குளவியும் அன்றாடம். 1977 இலும் 1983 இலும் எரிந்த லயங்களை அறிந்தோருக்கு மனிதரும் அப்பட்டியலில் உண்டு. அன்பில்லாரைக் கண்டே அஞ்சுவதாகப் புலவர் ஒரு பாடலை முடிக்கிறார். ஒலிப்பதிவின் ஆறு பகுதிகளுள் ஒரு பஜனைக் குழு ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு தானே பாடிப்பார்க்கத்தக்கது இதுவே. மெட்டு எளிது, அடிகள் மீண்டு வருபவை, வாங்கிப் பாடுவோருக்கு இடமுண்டு.