கோட்டுக்கு மேல் ஒரு கோடு

நாவல் வந்தால் மதிப்புரை எழுதுகிறார்கள். சினிமாவுக்கு இடைவேளையிலேயே எழுதிவிடுகிறார்கள். எந்தத் தள்ளுவண்டியில் காளான் நன்றாக இருக்கும் என்று கோயமுத்தூரில் யாரைக் கேட்டாலும் பத்து நிமிஷ விமரிசனம் கிடைக்கும். ஆனால், நாலு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் எல்லாம் தவறாமல் இருக்கும் ஒரு புத்தகத்துக்கு மட்டும் ஒரு மதிப்புரையும் நான் படித்ததில்லை. காப்பி ரைட்டிங் புத்தகம். யாரும் எழுதாததால் நானே எழுதிவிடுகிறேன்.

டவுன்ஹால், ஆர்.எஸ்.புரம் கடைகளில் ஐந்து வாங்கினேன். ஆங்கிலம் மூன்று, தமிழ் இரண்டு. அறுபது ரூபாயில் ஆரம்பித்து நூற்று நாற்பது வரை. பதிப்பாளர்கள் வேறு வேறு, புத்தகம் ஒன்றேதான். அட்டையில் பென்சிலைப் பிடித்தபடி ஒரு குழந்தை சிரிக்கிறது (எழுதும்போது அப்படிச் சிரிக்கிற குழந்தையை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை). உள்ளே, பக்கத்துக்கு ஓர் எழுத்து. மேலே கொட்டையாக ஒரு மாதிரி. கீழே அதே எழுத்து புள்ளி புள்ளியாக இருபது, முப்பது தடவை. கடைசி வரி மட்டும் காலி. இரண்டு புத்தகங்களில் அதுவும் இல்லை. பிள்ளை புள்ளி மேலேயே பென்சிலை ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

தாள் கெட்டி, அச்சு சுத்தம், பைண்டிங் பரவாயில்லை. ஒரே ஒரு குறை. இது எழுதக் கற்றுக்கொடுப்பதில்லை.

சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரின் ஜேம்ஸ் என்ற உளவியலாளர், 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள். சில எழுத்துக்களைப் பார்த்துத் தாங்களாகவே எழுதச் சொன்னார்கள். சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் எழுதச் சொன்னார்கள். சிலவற்றைக் கீபோர்டில் தட்டச் சொன்னார்கள். அப்புறம் ஸ்கேன் மெஷினில் படுக்கவைத்து அதே எழுத்துக்களைக் காட்டினார்கள். நீங்களும் நானும் வாசிக்கும்போது மூளையில் எந்தெந்தப் பகுதி வேலை செய்யுமோ, அது அந்தப் பிள்ளைகள் தானாக எழுதிய எழுத்துக்குத்தான் விழித்துக்கொண்டது. தட்டிய எழுத்துக்கு அப்படி விழிக்கவில்லை. புள்ளிக்கோட்டு எழுத்துக்கும் விழிக்கவில்லை.

சின்ன ஆய்வுதான், பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு. ஆனால், காரணம் என்று அவர்கள் சொல்வது யோசிக்கவேண்டிய சங்கதி. பிள்ளை தானாக எழுதும்போது ஒரு ‘அ’ கோணலாக வரும், இன்னொன்று குண்டாக வரும், மூன்றாவது படுத்துக்கொண்டு வரும். இத்தனை கோணலும் ஒரே ‘அ’தான் என்று மூளை கற்றுக்கொள்கிறதாம். நாம் ரப்பர் போட்டு அழித்துவிட்டு, ‘இப்படியா எழுதறது?’ என்று மண்டையில் குட்டுகிற அந்தக் கோணல் எழுத்துதான் படிப்பு. அச்சடித்த புள்ளி மேல் போகிற பிள்ளைக்கு அந்தக் கோணல் கிடைப்பதே இல்லை.

நான் படித்தது பி.காம். அந்தப் பாஷையில் சொன்னால்தான் எனக்குத் திருப்தி. கணக்கில் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகிவிட்டது என்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆடிட்டர் வவுச்சரைக் கேட்பார். புள்ளிக்கோட்டுப் பக்கம் ஒரு டேலியான பேலன்ஸ் ஷீட். அழகாக இருக்கும். ஆனால் அந்த ‘ந’வைப் பிள்ளை எங்கே ஆரம்பித்தது? மேலிருந்து கீழேயா, கீழிருந்து மேலேயா? நடுவில் எத்தனை தடவை பென்சிலை எடுத்தது? முடிந்த பக்கத்தைப் பார்த்து இதில் எதுவும் சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பார்த்தால்தான் தெரியும். ‘ட’வை வாலிலிருந்து ஆரம்பித்துத் தலைக்குப் போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பக்கம் சுத்தமாக இருக்கும். மூன்றாம் வகுப்பில் வேகமாக எழுதவேண்டி வரும்போது கை பின்னிக்கொள்ளும். அப்போது டைரியில் சிவப்பு மையில் வரும், ‘கையெழுத்தில் கவனம் தேவை’ என்று.

அப்படியானால் இந்தப் புத்தகம் ஏன் இவ்வளவு விற்கிறது? பக்கத்தில் யாரும் உட்கார வேண்டியதில்லை என்பதால்தான். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டு ராத்திரி எட்டரைக்கு வீடு திரும்புகிற அம்மாவை நினைத்துப் பாருங்கள். அடுப்பில் குக்கர். கையில் வெங்காயம். “சாமி, புள்ளி மேலயே போ கண்ணு, நான் வந்து பாக்கறேன்.” வந்து பார்க்கும்போது பக்கம் நிறைந்திருக்கிறது, மிஸ்ஸுக்குக் காட்டலாம். அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. குற்றம், ‘இதுதான் எழுதப் பழகுவது’ என்று அவர்களை நம்பவைத்தவர்கள் மேல்.

எந்த வயதில் ஆரம்பிப்பது என்பதும் இருக்கிறது. நம் மணிக்கட்டில் எட்டு குட்டி எலும்புகள். பிறக்கும்போது ஒன்றும் கெட்டியாக இருக்காது, எல்லாம் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக இறுகி, எட்டாவது இறுகுவதற்கு எட்டு வயதைத் தாண்டிவிடும். எல்.கே.ஜி. பிள்ளையின் கையில் ஏறக்குறைய பாதிதான் தயார். விரல் தசைகளும் அப்படியே. மூன்று விரலில் பென்சிலைப் பிடிப்பது நாலு வயதிலிருந்து ஆறு வயதுக்குள் மெல்ல மெல்ல வருவது. அதற்கு முன்னால் முஷ்டி பிடித்துத்தான் எழுதும், தோளிலிருந்து எழுதும். அந்தக் கையில்தான் நாலு கோடு நோட்டைக் கொடுத்து கர்சிவ் போடச் சொல்கிறோம். பின்லாந்துக்காரர்கள் 2016-லேயே கர்சிவ் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டார்கள். இங்கே யு.கே.ஜி.யில் கர்சிவ் சொல்லித் தருவதைப் பெருமையாகப் போர்டு வைத்துச் சொல்கிற பள்ளிகள் உண்டு.

சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று உத்தரவிட்டது. எல்.கே.ஜி. பிள்ளை அந்த ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டு வருஷம் ஜூனியர். அது ராத்திரி ஒன்பது மணிக்கு ‘பி’ பக்கத்தை முடித்துக்கொண்டிருக்கிறது. கேட்டால், ‘ஹோம்வொர்க் இல்லைங்க, ப்ராக்டிஸ்’ என்பார்கள்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது, நம்மிடம் இதைவிட நல்ல வழி ஏற்கெனவே இருந்தது என்பதுதான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்திக்கொண்டிருந்தார். மலபார்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். 1797-ல் லண்டனில் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. அங்கே ஏழைப் பிள்ளைகள் மணல் தட்டில் ஏ, பி, சி எழுதினார்கள். மணலை அனுப்பிவிட்டு நாம் புள்ளிக்கோட்டை வாங்கிக்கொண்டோம்.

மணலின் சௌகரியம் என்ன தெரியுமா? பென்சில் பிடிக்க வேண்டாம். முழுக்கை அசையும். தப்பானால் ஒரு தடவு, போச்சு. மிஸ்ஸுக்குக் காட்ட எதுவும் மிஞ்சாது என்பதுதான் அதன் பெரிய சௌகரியம்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் அடையாறுக்கு வந்தார். உலகப் போரின் வருஷங்களைச் சென்னையிலும் கொடைக்கானலிலும் கழித்தார். அவருடைய முறையில் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைப் பிள்ளை விரலால் தடவும். ‘அதுவும் புள்ளிக்கோடு மாதிரிதானே?’ என்று கேட்பீர்கள். இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகவேண்டும் என்று டீச்சர் தடவிக் காட்டிய பிறகு பிள்ளை தடவுகிறது, வாயால் ஒலியும் சொல்கிறது. முப்பது தடவை வரிசையாக ஓட்டுகிற வேலை இல்லை. பென்சில் பிடிக்கிற பழக்கம் தனியாக, படம் வரைந்து வண்ணம் தீட்டுவதில் வருகிறது. காந்தியும் ‘சத்திய சோதனை’யில் தன் கையெழுத்து மோசம் என்று வருத்தப்பட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு முதலில் சித்திரம், அப்புறம் எழுத்து என்று சொல்லியிருக்கிறார்.

சித்திரத்துக்கு நாம் எங்கேயும் போகவேண்டாம். வாசலில் கோலம் இருக்கிறது. அதிலும் புள்ளிதான். ஆனால் சிக்குக் கோலத்தில் யாரும் புள்ளி மேலேயே இழுப்பதில்லை. புள்ளியைச் சுற்றி வளைக்கிறார்கள். எங்கே திரும்புவது என்று கைதான் முடிவு செய்கிறது. ‘அ’வின் சுழியும் ‘ஞ’வின் வளைவும் அங்கே தானாக வந்துவிடுகின்றன. பையன்களையும் உட்கார வையுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

இனி அந்த இரண்டு தமிழ்ப் புத்தகங்கள். ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து, ஏ இருந்த இடத்தில் ‘அ’வை வைத்திருக்கிறார்கள். வேறு உழைப்பு தெரியவில்லை. பாடுவதற்கு அ, ஆ, இ, ஈ வரிசை சரி. எழுதுவதற்கு? ‘அ’வில் சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நேர்க்கோடு எல்லாம் இருக்கிறது. ‘இ’ அதைவிடச் சிக்கல். முதல் நாளே பிள்ளையை மருதமலைப் படியில் ஓடி ஏறச் சொல்கிற மாதிரி. ட, ப, ம, ய என்று நேர்க்கோட்டு எழுத்திலிருந்து ஆரம்பித்தால் ஒரே வாரத்தில் ‘படம்’, ‘மடம்’ என்று பொருளுள்ள சொல்லே எழுதிவிடும் (புள்ளி வைக்கப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்). ரெண்டு கோடு நோட்டிலும் இதே அலட்சியம். ‘கி’ போட்டால் தலைக்கு மேல் வளைவு ஏறுகிறது, ‘சு’ போட்டால் கீழே கோடு இறங்குகிறது. ஏறவும் இறங்கவும் நோட்டில் இடம் ஒதுக்கியிருக்கிறார்களா? பிள்ளை கோட்டைத் தாண்டிவிட்டது என்று திட்டு மட்டும் விழுகிறது.

உகர வரிசைக்கு வந்தால் இரண்டு புத்தகமும் கையை விரித்துவிடுகின்றன. கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி. கரூர்ப் பக்கத்துக்காரர், அண்ணா பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்த வா.செ.குழந்தைசாமி, 2016-ல் காலமாகும்வரை இந்த வரிசையைச் சீர்திருத்தவேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். அவர் வாதத்தை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் பிள்ளைக்குக் கஷ்டம் எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரே மாதிரி வளைகிறவற்றைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தாலே பாதிப் பாரம் குறையும். புத்தகமோ கு, ஙு, சு என்று அட்டவணை வரிசையில் நடக்கிறது.

வீட்டில் அப்பாரு சொல்லிக்கொடுத்தால் இன்னொரு கூத்து. ‘லை’ எழுதச் சொன்னால் அவர் யானைத் துதிக்கை போட்ட பழைய ‘லை’யை எழுதிக் காட்டுவார். ஈரோட்டுக்காரர் பெரியார் 1935-ல் ‘குடி அரசு’வில் ஆரம்பித்து வைத்த சீர்திருத்தத்தை, 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. ணா, றா, னா, லை, னை என்று 13 எழுத்து மாறியது. அதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர்களுக்குக் கை பழைய ரூட்டிலேயே போகும். “அப்பாரு, இது தப்பு” என்று பேத்தி திருத்த, அவர் “தப்பில்ல கண்ணு, எங்க காலத்து லை” என்று சொல்லிச் சிரிப்பதை ஒரு வீட்டில் பார்த்தேன். ஐந்து புத்தகத்தையும்விட அந்தப் பிள்ளை எழுத்தைப் பற்றி அன்றைக்கு அதிகமாகக் கற்றுக்கொண்டிருக்கும்.

‘கம்ப்யூட்டர் வந்தாச்சு, கையெழுத்து எதுக்குங்க?’ என்பவர்கள் கட்சியில் நான் இல்லை. நார்வேயில் காலேஜ் மாணவர்களை வைத்துச் செய்து 2024-ல் வெளியான ஆய்வு ஒன்று, தட்டும்போது இருப்பதைவிடக் கையால் எழுதும்போது மூளையின் பகுதிகளுக்குள் தொடர்பு அதிகம் என்கிறது. கர்சிவைக் கைவிட்டிருந்த அமெரிக்காவில், கலிபோர்னியா 2023-ல் சட்டம் போட்டு ஆரம்பப் பள்ளிக்கு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. எழுத்து வேண்டும். அதனால்தான் புள்ளிக்கோடு வேண்டாம் என்கிறேன்.

ஒரு தாம்பாளத்தில் ரவையைப் பரப்புங்கள். நீங்கள் ஓர் எழுத்தை எழுதுங்கள், பிள்ளை பார்க்கட்டும். தடவி அழித்துவிட்டு, பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். அது கையில் வந்த பிறகு சிலேட்டு, சிலேட்டுக்குப் பிறகு கோடு போடாத தாள், கடைசியில்தான் ரெண்டு கோடு நோட்டு. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், குக்கரை அணைத்துவிட்டு. பீச்சாங்கையில் எழுதுகிற பிள்ளையாக இருந்தால் அப்படியே விடுங்கள். தாளை மட்டும் கொஞ்சம் வலப் பக்கம் சாய்த்து வையுங்கள்.

டைரியில் சிவப்பு மை வந்தால், அடுத்த நாள் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எந்த எழுத்துங்க மிஸ்?” பொதுவாக ‘கையெழுத்து சரியில்லை’ என்பதற்கு வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. மிஸ் நோட்டைப் புரட்டி யோசிப்பார். நான் பார்த்தவரையில் மூன்று, நான்கு எழுத்துக்கு மேல் தேறியதில்லை. தமிழில் அநேகமாக ‘ழ’வும் ‘ஞ’வும் இருக்கும், ஆங்கிலத்தில் சின்ன ‘பி’யும் சின்ன ‘டி’யும்.