இணை பிரிந்த ஆட்டம்

கிள்ளான் பட்டணத்து கேம் கடையில் ஒரு டோக்கனுக்காகக் கால்கடுக்க நின்று, காப்பாருக்குத் திரும்பும் பஸ்ஸைத் தவறவிட்ட பையன்களில் நானும் ஒருவன் ஆதலால், கப்காம் நிறுவனத்தின் 'எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்' பிளேஸ்டேஷனுக்கு வருகிறது என்று கேட்டபோது அடைந்த ஆனந்தத்தை விவரிக்க வேண்டுவதில்லை. 1996-இல் கடைப் பெட்டியில் தோன்றிய ஆட்டம் 1998-இல் சிடியாக வந்தபோது, பெயரும் முகமும் இருந்தன, பிராணன் இல்லை.

இருவர் கொண்ட அணியில் ஒருவர் களத்தில் பொருத, பலத்த குத்துக்கும் உதைக்கும் உரிய பொத்தான்களைச் சேர்த்து அழுத்தியவுடன் மற்றவர் பாய்ந்து வருவதும், வெளியேறியவர் இழந்த பலத்தில் ஒரு பகுதியை மெல்ல மீட்டுக்கொள்வதுமே அந்தப் பிராணன். எப்போது மாற்றுவது என்ற யுக்தியில் பாதி ஆட்டம் அடங்கியிருந்தது. பிளேஸ்டேஷன் பதிப்போ அதனை நீக்கி, ஒருவரோடொருவர் சுற்றுச் சுற்றாக மோதும் சாமானியச் சண்டையாக்கி, கூட்டாளியைச் சில விசேஷத் தாக்குதல்களில் மாத்திரம் தலைகாட்ட விட்டது. வெளியேறியவர் திரும்ப உள்ளே வரும் விதியை எடுத்துவிட்டுச் சடுகுடு ஆடச் சொன்னால் எப்படி இருக்கும்?

இதற்குச் சோம்பல் காரணமன்று. கடைப் பெட்டியின் சில்லுகளில் எல்லாப் படங்களும் எடுத்த கணத்தில் கிடைக்கும். பிளேஸ்டேஷனின் பிரதான நினைவகமோ 2 மெகாபைட், படங்களுக்கெனத் தனியே 1. நால்வரின் அசைவுகளை ஒருசேர வைக்க அது போதாது. நொடிக்குச் சுமார் 300 கிலோபைட் தரும் சிடியிலிருந்து சண்டைக்கு நடுவே வரவழைக்கவும் இயலாது. இரு அணியிலும் அதே இருவர் நின்று, இருவரின் படங்களே போதும் என்றானால் மட்டும் இடமாற்றத்தை அனுமதிக்கும் தனி முறை ஒன்று பிளேஸ்டேஷன் பதிப்பில் இருந்ததே இதற்குச் சாட்சி.

ஆயினும் சாட்டர்ன் என்னும் மற்றொரு விளையாட்டுக் கருவிக்காக 1997-இல் ஜப்பானில் வெளிவந்த பதிப்பு, 4 மெகாபைட் நினைவக அட்டையைத் துணைகொண்டு மூலத்தை ஏறக்குறைய முழுமையாகவே கொணர்ந்தது. அந்த அட்டை கூடுதல் செலவுதான். எங்கள் தெருவில் சாட்டர்ன் வைத்திருந்தோரும் இல்லை. ஆனால் பிளேஸ்டேஷனில் அசைவுகளை எப்படியும் வெட்டினார்களே, அந்தக் கத்தரிக்கோலை இன்னும் தாராளமாக ஓட்டியாவது இடமாற்ற விதியைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது என் துணிபு. வடிவம் சற்றுக் குன்றினாலும் ஆட்டம் ஆட்டமாகவே இருந்திருக்கும்.

காசு கரையாமல் அடிகளைப் பழக அந்த சிடி உதவியது என்பதையும் மறைப்பதற்கில்லை. அவ்வாறு வீட்டில் பழகிய அடிகளோடுதான் மறு வாரம் கிள்ளானுக்குப் போனேன். இடமாற்றத்தைப் பழக மட்டும் மறுபடியும் டோக்கன் வாங்கினேன்.